முந்திரித் தோப்பின் பன்னிரண்டு மாத வேலை

பங்குனி மாதம் பிறந்ததும் முந்திரித் தோப்புகளில் ஆள் நடமாட்டம் உண்டாகிறது. பெண்டிரும் பிள்ளைகளும் கூடையுடன் சென்று, விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுக்கிறார்கள். வைகாசி கழிந்ததும் தோப்பு மறுபடியும் ஆளற்றுப் போகிறது. அடுத்த பங்குனி வரும் வரையில் அநேக குடியானவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. வானத்தை நம்பி நிற்கும் மரம், செம்மண் மேட்டிலும் காய்க்கும் மரம், அதற்கென்று என்ன வேலை இருக்கிறது என்பது அவர்களுடைய எண்ணம். இவ்வெண்ணத்தினால் விளையும் நஷ்டம் எவ்வளவு என்பதையும், அதைத் தவிர்க்கும் வழி யாது என்பதையும் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

சுருக்கமாகக் கூறுமிடத்து, முந்திரி மகசூல் பங்குனியில் பொறுக்கப்படுகிறது. ஆனால் அது உண்டாக்கப்படுவது ஆனி முதல் மார்கழி வரையிலுள்ள மாதங்களிலேயாம். அம்மாதங்களில் தோப்பை மறந்தவன் பங்குனியில் வருத்தப்பட்டுப் பயன் இல்லை. மேலும், மகசூல் குறைவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கவனியாமல் விட்ட தோப்பில் மரங்களே ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. அது வருஷத்திற்கு ஒன்றிரண்டாக நிகழ்வதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மரத்தின் வரலாறும் இயல்பும்

முந்திரி இந்நாட்டின் மரமன்று. பிரேசில் தேசத்தில் இயற்கையாக வளரும் இதனைப் போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். மண் அரிப்பைத் தடுப்பதற்கே இது முதலில் பயன்பட்டது. மேடு பள்ளமான நிலத்திலும் வேரூன்றி நிற்கும் குணம் இதற்கு உண்டு. தமிழ்நாட்டில் பண்ணுருட்டி, விருத்தாசலம், ஜயங்கொண்டம், ஆண்டிமடம் முதலிய பகுதிகளிலும், புதுக்கோட்டைச் சீமையிலும் உள்ள செம்மண் நிலங்களில் இது பெரும்பாலும் மானாவாரியாகவே வளர்க்கப்படுகிறது. எந்த மண்ணிலும் வளரும் என்ற பெயரே இம்மரத்திற்குத் தீமையாய் முடிந்தது. வளர்வது வேறு, காய்ப்பது வேறு என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

இம்மரம் காய்க்கும் முறையை முதலில் அறிந்துகொண்டால், மற்ற வேலைகளின் காரணம் தானே விளங்கும். மழைக்காலத்தில் மரம் புதிய துளிர்களை விடுகிறது. அத்துளிர்களின் நுனியில்தான் பூங்கொத்து தோன்றும். பழைய கிளையின் நடுவிலோ, தண்டின் மேலோ பூ வருவதில்லை. ஆகவே எத்தனை துளிர்கள் ஆரோக்கியமாக இருக்கின்றனவோ அத்தனை பூங்கொத்துகளையே எதிர்பார்க்கலாம். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருப்பினும், அவற்றுள் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காயாகும் தகுதியுள்ள இருபால் பூக்கள் சிலவே. அவற்றிலும் பல உதிர்ந்துபோக, கொத்துக்குச் சில காய்களே நிலைக்கின்றன. ஆதலால் துளிர் ஒன்று கருகுவது சிறு விஷயமன்று. அதனுடன் ஒரு கொத்துக் காயும் கருகுகிறது.

ஆனி, ஆடி: சுத்தம் செய்யும் மாதங்கள்

அறுவடை முடிந்தவுடன் தோப்பைச் சுத்தம் செய்யவேண்டும். காய்ந்த கிளைகள், ஒன்றன்மேலொன்று உராயும் கிளைகள், மரத்தின் உட்புறம் நெருங்கி வெயிலை மறைக்கும் கிளைகள், தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் கிளைகள் ஆகியவற்றை நீக்க வேண்டும். வெயில் படாத உட்கிளைகளில் பூங்கொத்து உண்டாவதில்லை. அவை மரத்தின் உணவை உண்டுகொண்டு வீணே இருக்கின்றன.

கிளைகளை அரிவாளால் கொத்திச் சிதைக்காமல், ரம்பத்தால் அறுத்து எடுப்பதே முறை. வெட்டுவாய் வழவழப்பாக இருக்கவேண்டும். அதன்மேல் போர்டோ பசையைத் தடவவேண்டும். 1 கிலோ மயில்துத்தத்தை 5 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துப் பின் ஒன்றாகக் கலந்தால் இப்பசை கிடைக்கும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தையே உபயோகிக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பசை தடவாத வெட்டுவாயில் பூஞ்சணம் புகும். துளைப்பான் வண்டும் நாடி வரும்.

புதிய கன்றுகளை நடுவதற்கும் இக்காலமே ஏற்றது. நிலத்தைச் சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு, 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழமுள்ள குழிகளை வெட்டி, 10 கிலோ மக்கிய தொழுவுரமும் 1 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் மேல்மண்ணுடன் கலந்து நிரப்பவேண்டும். வரிசைக்கு வரிசையும் மரத்திற்கு மரமும் 7 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 80 மரங்கள் நிற்கும். கொட்டையை ஊன்றி வளர்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, இளந்தண்டு ஒட்டுக் கன்றுகளையே நடவேண்டும். கொட்டையிலிருந்து எழும் மரம் தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரே தோப்பில் ஒரு மரம் கூடை கூடையாகக் கொடுக்க, பக்கத்து மரம் வெறும் இலையாய் நிற்பதற்குக் காரணம் இதுவே. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1991-இல் வெளியான வி.ஆர்.ஐ. 3 என்னும் ரகத்தின் கொட்டை சுமார் 7 கிராம் எடையுள்ளது. பருப்பு நூற்றுக்கு 29 பங்கு வரையில் தேறும்.

ஒட்டுக் கன்றை நடும்போது ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேல் இருக்கவேண்டும். அங்கே சுற்றியுள்ள பிளாஸ்டிக் நாடாவை மறவாமல் அவிழ்த்துவிடவேண்டும். காற்றில் சாயாதபடி குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டவேண்டும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் துளிர்களை அவ்வப்போது கிள்ளி எறியாவிட்டால், அடிக்கன்று ஓங்கி வளர்ந்து மேலொட்டு பட்டுப்போகும். முதல் இரண்டு வருஷங்களில் தோன்றும் பூங்கொத்துகளையும் கிள்ளிவிடவேண்டும். இதைச் செய்யப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் சிறு கன்றைக் காய்க்கவிட்டால் அது மரமாகும் பலத்தை இழக்கும். கன்றுகள் சிறியனவாக இருக்கும் வருஷங்களில் இடைவெளி நிலத்தில் மணிலா, உளுந்து, காராமணி முதலியவற்றைப் பயிரிட்டுச் செலவை ஈடுசெய்துகொள்ளலாம்.

எரு இடுதல்

முந்திரிக்கு எரு எதற்கு என்று கேட்போர் இன்னும் இருக்கின்றனர். பிரதி வருஷமும் கொட்டை மூட்டைகளாக நிலத்தின் சத்து வெளியே செல்கிறது. திரும்பி ஒன்றும் வருவதில்லை. வரவின்றிச் செலவு மட்டும் எழுதப்படும் கணக்கு எத்தனை நாள் நிற்கும் என்பதைச் சங்க அங்கத்தினர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை.

வளர்ந்த மரம் ஒன்றுக்கு வருஷத்தில் 500 கிராம் தழைச்சத்தும், 125 கிராம் மணிச்சத்தும், 125 கிராம் சாம்பல் சத்தும் தேவை என்பது கர்நாடகத்திலுள்ள புத்தூர் முந்திரி ஆராய்ச்சி நிலையத்தாரின் சிபாரிசு. கடையில் வாங்கும் உரமாகக் கணக்கிட்டால் இது சுமார் 1 கிலோ 100 கிராம் யூரியா, 780 கிராம் சூப்பர் பாஸ்பேட், 210 கிராம் பொட்டாஷ் ஆகும். முதல் வருஷத்துக் கன்றுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கும், இரண்டாம் வருஷம் இரண்டு பங்குமாக உயர்த்திக்கொண்டே சென்று, ஐந்தாம் வருஷம் முதல் முழு அளவையும் இடவேண்டும். மண் பரிசோதனை செய்தவர்கள் அதன் முடிவிற்கேற்ப அளவை மாற்றிக்கொள்ளலாம். இவற்றுடன் தொழுவுரமும் இடுதல் அவசியம்.

உரத்தை அடிமரத்தின் அருகில் கொட்டுவது வீண்செலவு. உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கே இல்லை. வளர்ந்த மரத்திற்கு அடியிலிருந்து சுமார் 1½ மீட்டர் தள்ளி, ஒரு சாண் அகலத்தில் வட்டமாகச் சிறு வாய்க்கால் பறித்து, அதில் உரத்தைத் தூவி மண்ணால் மூடவேண்டும். ஆடியில் மழை பெய்து மண் நனைந்திருக்கும்போது ஒரு பாதியும், ஐப்பசியில் மறுபாதியும் இடுவது நலம். காய்ந்த மண்ணிலும், வெள்ளம் ஓடும் நாளிலும் இடலாகாது. உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கத்தையும் விட்டுவிடவேண்டும். அவ்விலைகளை மரத்தடி வட்டத்தில் பரப்பினால் ஈரம் காக்கும், மக்கி எருவுமாகும். ஆனால் அடித்தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. தண்டின் அடி எப்போதும் கண்ணுக்குத் தெரியவேண்டும். அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

ஐப்பசி முதல் தை வரை: துளிரைக் காத்தல்

துளிர் விடும் இக்காலத்தில் தேயிலைக் கொசு என்னும் பூச்சி தோன்றுகிறது. பெயர் அவ்வாறிருப்பினும் இது கொசுவன்று. நாவாய்ப் பூச்சி இனத்தைச் சேர்ந்தது. மெலிந்த உடலும் நீண்ட கால்களும் உடையது. முதுகில் குண்டூசியைக் குத்தி நிறுத்தியது போன்ற சிறு முளை இருப்பதைக்கொண்டு இதை அடையாளம் காணலாம். இது இளந்தண்டிலும், பூங்கொத்திலும், பிஞ்சிலும் ஊசி போன்ற வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. அப்போது அதன் உமிழ்நீர் உள்ளே சென்று, குத்திய இடம் கருகிப் புள்ளியாகிறது. புள்ளிகள் ஒன்றுசேர்ந்து துளிர் முழுவதும் நெருப்புப் பட்டதுபோல் காய்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பனியால் கருகிற்று என்றும், கண்ணேறு பட்டது என்றும் சொல்லிவிடுகின்றனர். அருகில் சென்று இலையடியைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

காலையில் வாரம் ஒருமுறை தோப்பைச் சுற்றிவந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பத்து மரங்களில் துளிர்களைச் சோதிக்கவேண்டும். வேம்பிலும் கொய்யாவிலும் இப்பூச்சி தங்குமாதலால் அருகிலுள்ள அம்மரங்களையும் பார்த்தல் நலம். கரும்புள்ளிகள் தோன்றத் தொடங்கியதும் மருந்து தெளிக்கவேண்டும். லாம்டா சைஹலோத்ரின் என்னும் 5 சதவீத மருந்தை 1 லிட்டர் நீருக்கு 0.6 மில்லி வீதம் கலந்து தெளிப்பது சிபாரிசு செய்யப்பட்டுள்ளது. துளிர் பருவம், பூங்கொத்து வெளிவரும் பருவம், பிஞ்சுப் பருவம் ஆகிய மூன்றில் தேவையானபோது மட்டும் தெளித்தால் போதும். ஒவ்வொரு தடவையும் ஒரே மருந்தைத் தெளித்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும். மறு தெளிப்பிற்குரிய மருந்தை விவசாய இலாகா அதிகாரியைக் கேட்டு முடிவு செய்யவேண்டும். கடைக்காரர் கொடுத்ததை வாங்கித் தெளிப்பது முறையன்று.

மருந்து விஷயத்தில் ஒரு கசப்பான அனுபவத்தை மறக்கலாகாது. கேரளத்தைச் சேர்ந்த காசர்கோடு பகுதியில் இப்பூச்சியை ஒழிப்பதற்காக முந்திரித் தோப்புகளின்மேல் எண்டோசல்பான் என்னும் மருந்து பல ஆண்டுகள் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. அங்குள்ள கிராமங்களில் குழந்தைகளும் பெரியோரும் கொடிய வியாதிகளுக்கும் உடற்குறைகளுக்கும் ஆளானதாக முறையீடுகள் எழுந்தன. 2000-ஆம் ஆண்டில் அத்தெளிப்பு நிறுத்தப்பட்டது. 2011 மே 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அம்மருந்தின் உற்பத்தி, விற்பனை, உபயோகம் ஆகியவற்றை நாடு முழுவதும் தடை செய்தது. காய்க்காகத் தெளிக்கும் மருந்து கிணற்றையும் குழந்தையையும் சென்று சேரக்கூடும் என்பதே அதன் படிப்பினை. ஆகவே அளவுக்கு மிஞ்சித் தெளிக்கக் கூடாது. தெளிப்பவர் முகத்தையும் கைகளையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்றுக்கு எதிர்முகமாக நின்று தெளிக்கலாகாது. காலிப் புட்டிகளை வீட்டு உபயோகத்திற்கு எடுக்கக் கூடாது.

பூத்திருக்கும் மரத்தில் பகலில் ஒருபோதும் தெளிக்கவேண்டாம். முந்திரியின் மகரந்தம் பசையுள்ளது. காற்றில் எளிதில் பறப்பதன்று. தேனீக்களும் பிற பூச்சிகளும் அதைச் சுமந்து சென்றால்தான் காய் பிடிக்கும். தேனீயைக் கொன்றுவிட்டுக் காய்க்குக் காத்திருப்பது பேதைமை. அவசியமானால் தேனீ அடங்கிய மாலை வேளையில் தெளிக்கலாம். மரத்தில் இலைகளை இணைத்துக் கூடு கட்டும் செம்முசுறு எறும்புகளையும் அழிக்கவேண்டியதில்லை. பழம் பறிப்போரைக் கடிக்கும் என்பது உண்மையே. ஆனால் தேயிலைக் கொசுவை அவை வேட்டையாடுகின்றன. கூலியில்லாத காவலாளியைத் துரத்துவானேன்?

தண்டுத் துளைப்பான்: மரத்தையே கொல்லும் சத்துரு

தேயிலைக் கொசு ஒரு வருஷத்து மகசூலைத்தான் கெடுக்கும். தண்டுத் துளைப்பானோ மரத்தையே கொன்றுவிடும். நீண்ட மீசையுள்ள செம்பழுப்பு நிறமான வண்டு ஒன்று, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திற்குள் தண்டின் பட்டை வெடிப்புகளிலும், வெளியே தெரியும் வேர்களிலும் முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் வெண்புழு பட்டைக்கு அடியில் நுழைந்து, உணவைக் கொண்டுசெல்லும் பகுதியைத் தின்றுகொண்டே சுற்றி வருகிறது. தண்டின் அடியில் மோதிரம்போல் அந்தச் சுற்று முடிந்துவிட்டால் மரம் பிழைப்பதில்லை.

இதன் அடையாளங்களை ஒவ்வோர் அங்கத்தினரும் மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். முதலில் தண்டின் அடியில் சிறு துவாரங்கள் தோன்றும், பிசின் வடியும், மரத்தூள் போன்ற கழிவு வெளிவந்து தரையில் கிடக்கும். பிறகே இலைகள் மஞ்சளாகி உதிரும். கிளைகள் நுனியிலிருந்து காயும். இலை மஞ்சளான பின்பு வைத்தியம் தேடுவது பெரும்பாலும் பயனற்றது. மரத்தூள் தெரிந்த வாரத்திலேயே கவனித்தால் மரத்தைக் காப்பாற்றலாம். அடித்தண்டில் குப்பையைக் குவிக்கக் கூடாது என்று முன்னர்க் கூறியது இதற்காகவே.

மரத்தூள் கண்ட இடத்தில் பட்டையைக் கூரிய கத்தியால் மெல்லச் செதுக்கி, புழு சென்ற வழியைப் பின்பற்றிச் சென்று அதைக் கம்பியால் குத்தி வெளியே எடுத்துக் கொல்லவேண்டும். நல்ல பட்டையைத் தேவையின்றிச் சிதைக்கலாகாது. பின்பு செதுக்கிய இடத்தில் 100 பங்கிற்கு 5 பங்கு வேப்பெண்ணெய் கலந்த சோப்புக் கரைசலை நன்றாகப் பூசவேண்டும். நோயில்லாத மரங்களுக்கும் முற்காப்பாக ஐப்பசியிலும் தை மாசியிலும், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரையிலும் வெளிவேர்களிலும் இதைப் பூசலாம். ஒரு பங்கு கீலும் இரண்டு பங்கு மண்ணெண்ணெயும் கலந்து பூசுதலும் வழக்கத்தில் உள்ளது.

அடிப்பட்டையின் சுற்றளவில் பாதிக்குமேல் அழிந்துவிட்ட மரத்தையும், பட்டுப்போன மரத்தையும் தோப்பில் நிற்கவிடக் கூடாது. வேருடன் அகற்றி, உள்ளேயுள்ள புழுக்களை அழிக்கவேண்டும். விறகுக்காகப் பிறகு வெட்டலாம் என்று விட்டுவைக்கும் ஒரு பட்ட மரத்திலிருந்து பல வண்டுகள் புறப்பட்டுச் சுற்றிலுமுள்ள மரங்களில் முட்டையிடும்.

இதில் நஷ்டம் எத்தகையது என்பதை ஒரு கணக்கினால் காணலாம். ஏக்கருக்கு 80 மரமுள்ள தோப்பில் வருஷத்திற்கு இரண்டு மரம் பட்டுப்போவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மரந்தானே என்று தோன்றும். பத்து வருஷத்தில் 20 மரம், அதாவது தோப்பில் நாலில் ஒரு பங்கு மறைந்துவிடுகிறது. ஒட்டுக் கன்றை நட்டாலும் மூன்றாம் வருஷத்தில்தான் காய்க்கத் தொடங்கும். முழு மகசூலுக்கு வர எட்டுப் பத்து வருஷங்கள் செல்லும். வாரத்தில் ஒருநாள் குனிந்து மரத்தடியைப் பாராத சோம்பலுக்கு இது மிகப் பெரிய அபராதம்.

மனிதனால் தடுக்க முடியாத நஷ்டமும் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், கடலூர் ஜில்லாவின் முந்திரித் தோப்புகளை வீழ்த்தியது. பல்லாண்டு நின்ற மரங்கள் ஓர் இரவில் வேருடன் சாய்ந்தன. காற்றைத் தடுக்க யாராலும் ஆகாது. ஆனால் தோப்பு முழுவதும் ஒரே வயதுள்ள முதிய மரங்களாக இராமல், இடைவெளிகளில் வருஷந்தோறும் சில ஒட்டுக் கன்றுகளை நட்டு வருபவன், புயலுக்குப் பின் வெறுங்கையுடன் தொடங்கவேண்டிய நிலைமைக்கு ஆளாவது குறையும். தோப்பின் ஓரங்களில் காற்றுத்தடுப்பாகச் சவுக்கு முதலிய மரங்களை வளர்த்தலும் உதவும்.

மாசி முதல் வைகாசி வரை: பொறுக்குதலும் உலர்த்துதலும்

காய் பிடித்து முற்றுவதற்குச் சுமார் இரண்டு மாதமாகும். முதலில் கொட்டை பருக்கிறது; பிறகே பழம் திரண்டு கனிகிறது. பழம் கனிந்து தானே விழும்போதுதான் பருப்பும் முற்றியிருக்கும். திருட்டுக்கு அஞ்சியும், பணமுடையினாலும் பச்சையாகப் பறிப்பவர்கள் தங்கள் பொருளைத் தாங்களே திருடிக்கொள்ளுகிறார்கள். பச்சைக் கொட்டையில் பருப்பு சுருங்கி, தரம் குன்றிவிடும். அறுவடைக்கு முன் மரத்தடியைச் செதுக்கிச் சுத்தமாக்கினால் பொறுக்குவது எளிது. விழுந்த கொட்டையை நாள்தோறும் பொறுக்கவேண்டும். கோடைமழையில் நனைந்து கிடந்தால் பருப்பு கறுக்கும்.

பொறுக்கிய கொட்டையைக் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைக்கவேண்டும். ஈரம் நூற்றுக்கு 8 அல்லது 9 பங்குக்கு வரும் வரையில் காய்தல் அவசியம். காயவைத்தால் எடை குறையுமே என்று சிலர் அஞ்சுகின்றனர். நூறு கிலோ கொட்டையில் 20 பங்கு ஈரம் இருக்குமாயின், 9 பங்காக உலர்ந்தபின் சுமார் 88 கிலோ நிற்கும். குறைந்த 12 கிலோவும் தண்ணீரே. வியாபாரி அதை அறியாதவர் அல்லர். ஈரக் கொட்டைக்கு அவர் தாமே கழிவு போடுகிறார்; எவ்வளவு போடவேண்டுமென்பதையும் அவரே தீர்மானிக்கிறார். அன்றியும் ஈரத்துடன் கட்டிய மூட்டையில் பூஞ்சணம் பற்றிப் பருப்பு கெடுகிறது. உலர்ந்த கொட்டையைச் சணல் கோணியில் கட்டி, தரையில் வைக்காமல் பலகையின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கவேண்டும்.

விற்பனையில் சங்கத்தின் கடமை

கொட்டையைப் பார்த்தமாத்திரத்தில் உள்ளிருக்கும் பருப்பை மதிக்க முடியாது. ஆனால் ஆலைக்காரர் விலை கொடுப்பது பருப்புக்கே. ஆகவே அவர்கள் மாதிரி உடைத்துப் பார்த்தே வாங்குகிறார்கள். அதே சோதனையைக் குடியானவர்களும் செய்யலாம். எல்லா மூட்டைகளிலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஒன்றாகக் கலந்து, 1 கிலோ நிறுத்துக்கொள்ளவேண்டும். அதை ஒவ்வொன்றாகப் பிளந்து, நல்ல பருப்பையும், சொத்தை, சுருங்கல், அழுகல் ஆகியவற்றையும் பிரித்து நிறுக்கவேண்டும். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்குமாதலால் கையுறையின்றிச் செய்யக் கூடாது.

1 கிலோவில் 270 கிராம் நல்ல பருப்பு தேறினால், 80 கிலோ மூட்டைக்கு 21 கிலோ 600 கிராம் பருப்பு உண்டு. 230 கிராமே தேறினால் 18 கிலோ 400 கிராம் ஆகும். இரண்டு மூட்டைகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றே; உள்ளே 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம். இந்தக் கணக்கை அறியாமல் விற்பவன், நல்ல சரக்கை மட்டச் சரக்கின் விலைக்குக் கொடுத்துவிடுகிறான். ஒருவர் இருவர் மூட்டைக்கு இச்சோதனை செய்து பேரம் பேசுவது கடினம். சங்கத்தின் மூலம் பல அங்கத்தினர்களின் சரக்கைத் தரவாரியாகச் சேர்த்து வைத்தால், வாங்குவோர் தாமே தேடி வருவார்கள்.

பூக்கும் காலத்திலேயே மகசூலுக்கு விலை பேசி முன்பணம் வாங்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. எருவுக்கும் மருந்துக்கும் பண்டிகைக்கும் கையில் பணமில்லாமையே இதற்குக் காரணம். பூவை விற்றவனுக்குக் காயில் அக்கறை இராது; காயை வாங்கினவருக்கு மரத்தில் அக்கறை இராது. இருவரும் கவனியாத மரம் துளைப்பானுக்கு இரையாகிறது. ஆகவே பயிர்க்கடனைக் காலத்தில் பெறுதல், மகசூலைக் காப்பது மட்டுமன்றி மரத்தையும் காப்பதாகும். முந்திரி சாகுபடிக்குக் கடன் வேண்டுவோர் பூக்காலம் வரை காத்திராமல், எரு இடும் காலத்திற்கு முன்பே சங்கத்தில் விண்ணப்பம் செய்யவேண்டும். விளைபொருளின் ஈட்டின்மேல் கடன் கொடுக்கும் வசதியுள்ள சங்கங்களில், உலர்ந்த கொட்டையை வைத்துப் பணம் பெற்று, விலை ஏறும்போது விற்கலாம்.

தோப்பு தனித்தனியே இருப்பினும் பூச்சிக்கு வரப்புத் தெரியாது. ஒருவர் மருந்து தெளிக்க, அடுத்தவர் தெளிக்காவிட்டால், ஓடிப்போன பூச்சி சில நாளில் திரும்பி வரும். ஒருவர் பட்ட மரத்தை அகற்ற, அடுத்தவர் விறகுக்கென்று நிறுத்திவைத்தால், வண்டு அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். ஆதலால் இவ்விஷயத்தில் ஒற்றுமையின்றிப் பயன் இல்லை. சங்கத்தார் கீழ்க்கண்டவாறு தீர்மானித்துக்கொள்வது நலம்.

1. ஆனி மாதத்தில் ஒருநாள் குறித்து, கிராமத்திலுள்ள பட்ட மரங்களையெல்லாம் எண்ணி, அவ்வாரத்திலேயே அகற்றச் செய்தல்.

2. ரம்பம், தெளிப்பான், தராசு, கையுறை முதலியவற்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கிச் சிறு வாடகைக்குக் கொடுத்தல்.

3. ஐப்பசி முதல் மாசி வரை, இரண்டு அங்கத்தினர்கள் முறைபோட்டு வாரம் ஒருமுறை தோப்புகளைச் சுற்றிப் பார்த்து, கண்டதைச் சங்கப் பலகையில் எழுதிவைத்தல்.

4. தெளிக்கவேண்டிய நாளை ஒன்றாகத் தீர்மானித்து, அக்கம்பக்கத்தார் அனைவரும் ஒரே வாரத்தில் தெளித்தல்.

5. பங்குனியில் களத்தை ஏற்பாடு செய்து, கொட்டையை உலர்த்தி, மாதிரி உடைத்துப் பார்த்து, தரவாரியாக விற்றல்.

இவற்றுள் பெரிய மூலதனம் தேவைப்படுவது ஒன்றுமில்லை. வேண்டுவன காலந்தவறாமையும், அயலாருடன் சேர்ந்து செய்யும் மனமுமேயாம். ஒவ்வோர் அங்கத்தினரும் நாளைக் காலையில் தம் தோப்பிற்குச் சென்று, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் குனிந்து, பிசினும் மரத்தூளும் உண்டோ என்று பார்த்து வருவாராயின், இப்பாடத்தின் முதல் வேலை நிறைவேறியதாகும். கண்டதை அன்றே அண்டைத் தோப்புக்காரருக்கும் சொல்வாராயின் இரண்டாம் வேலையும் நிறைவேறும்.